கருவை முள்ளும் கடற்கரை மணலும்: சிப்பர் மெஷின் அனுபவங்களைப் பகிருங்கள்

உச்சிப்புளி மரவேலை:

பதினோரு வருடமாக உச்சிப்புளி, மண்டபம், பனைக்குளம், தேவிபட்டினம் பக்கம் மரம் வெட்டும் ஒப்பந்த வேலை செய்கிறேன். தோப்பில் சாய்ந்த தென்னை, வீட்டுக்கூரை மேல் வளைந்த வேம்பு, கருவை (சீமைக் கருவேலம்) மண்டிய காடு, எல்லாம் வரும். கிளையைச் சில்லு சில்லாக வெட்டித் தள்ளும் சிப்பர் மெஷின் வாங்க நினைக்கிற தம்பிகள் முதலில் கேட்பது "அண்ணே, எத்தனை எச்பி, எத்தனை இஞ்சு கட்டை போகும்?" என்றுதான். மூன்று மெஷினில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதெல்லாம் பிறகு கேட்கலாம். கருவை முள்கிளையை மெஷினே இழுக்குமா, ஆள் தள்ள வேண்டுமா? இதை முதலில் கேளுங்கள்.

என்னுடைய முதல் மெஷின் டிராக்டர் பிடிஓவில், அதாவது பின்னால் சுற்றும் தண்டில், மாட்டுவது, நிமிடத்துக்கு 540 சுற்று, டிஸ்க் வகை. கனமான இரும்புத் தட்டில் பிளேடுகள் பதித்திருக்கும். தட்டு வேகம் பிடித்துவிட்டால் அந்தக் கனமே வேலையைச் செய்யும். வேப்பங்கிளை, பூவரசங்கிளை என்றால் சரசரவென்று போய்விடும், சில்லும் ஒரே அளவாக விழும். ஆனால் உள்ளே இழுக்க உருளை கிடையாது. சாய்வான வாயில் கிளையைப் போட்டால் பிளேடே இழுத்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் விற்றார்கள். சவுக்குக் கிளைக்கு அது உண்மை. கருவை எங்கே நேராக வளர்கிறது? கவட்டை கவட்டையாகப் பிரிந்து விறைத்துக்கொண்டு நிற்கும். பாதி போய் வாயில் சிக்கிக்கொள்ளும். அப்போது ஆள் தள்ளியாக வேண்டும்.

இருமேனி பக்கம் ஒரு காட்டில் அப்படித் தள்ளும்போதுதான் அது நடந்தது. என்னிடம் வேலை பார்த்த தம்பி முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். முள் குத்தாமல் இருக்க நான்தான் போடச் சொன்னேன். மிலாறு (மெல்லிய கிளை) உள்ளே இழுபட்டதும் பின்னால் இருந்த முள் சட்டைக் கையில் மாட்டியது. சட்டை பழையது, தோள்பட்டைத் தையல் பிரிந்து சட்டைக் கை முழுக்க மிலாறோடு உள்ளே போனது. பிரியாமல் இருந்திருந்தால் அவனும் போயிருப்பான். டிராக்டரை அணைத்தேன். அணைத்த பிறகும் தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. அது நிற்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோடு கோடாக ரத்தம்.

அதற்கப்புறம் அந்த மெஷினைக் கருவைக்குப் போட்டதில்லை.

இரண்டாவது, வாடகைக்கு எடுத்த டிரம் மெஷின், தட்டுக்குப் பதில் சுற்றும் உருண்டை டிரம்மில் பிளேடு இருக்கும். சொந்த எஞ்சின், அகலமான வாய், மேலும் கீழும் ஹைட்ராலிக் உருளை. கவட்டையைப் பல்லால் கடிப்பதுபோல மேல் உருளை ஏறி அமுக்கி மடக்கி உள்ளே கொண்டுபோகும். வாயைச் சுற்றி ஒரு கம்பி இருக்கிறது, அதைத் தள்ளினால் உருளை உடனே நின்றுவிடும், பின்னால் சுற்றவும் வைக்கலாம். எஞ்சின் திணறிச் சுற்று குறைந்தால் உருளை தானாக நின்று, வேகம் வந்ததும் மறுபடி இழுக்கும். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தம்பியின் சட்டைதான் ஞாபகம் வந்தது. குறை இல்லாமல் இல்லை. சில்லு பெரிதும் சிறிதுமாக விழும், டீசலும் கூடக் குடிக்கும். இப்போது வைத்திருப்பது டிராக்டரில் மாட்டும் சின்ன டிரம், உருளையோடு. வாய் சிறியது, வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் ஆள் தள்ளத் தேவையில்லை.

எந்த மெஷினாக இருந்தாலும் எங்கள் வேலையிடத்தில் கைலி, துண்டு, தொளதொள கையுறை கிடையாது. கையை இறுக்கிப் பிடிக்கிற சட்டைதான். அடிப்பக்கம் முதலில், நுனி கடைசியில். கிளையை உருளை பிடித்ததும் பக்கவாட்டில் விலகிவிட வேண்டும். மிச்ச மிலாறைத் தள்ள ஐந்தடி கவைக்கம்பு, அதுவும் மரக்கம்புதான், இரும்பு கூடாது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

சாயல்குடி கரிமூட்டம்:

அண்ணே, நான் மரம் வெட்டுகிறவன் இல்லை, கரி போடுகிறவன். ஆனாலும் சொல்ல இருக்கிறது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்ன சமயம் எங்கள் பக்கம் எங்கு பார்த்தாலும் வெட்டு. ஒரு ஒப்பந்தக்காரர் பெரிய சிப்பரைக் கொண்டுவந்து தொடைப் பருமன் கட்டையைக்கூட அதில் விட்டார். மனது கேட்கவில்லை. கை பருமனுக்கு மேல் உள்ளது கரி சுடும் மூட்டத்துக்குப் போனால் காசு, தூருக்கு (அடிக்கட்டைக்கு) இன்னும் நல்ல விலை. அவர் அதையெல்லாம் சில்லாக்கி டீசலையும் செலவழித்தார்.

அதைவிடப் பெரிய தப்பு, தூரையும் வேரோடு உள்ளே விட்டதுதான். தோண்டி எடுத்த தூரில் மணலும் சுக்கான் கல்லும் ஒட்டியிருக்கும், தட்டினாலும் போகாது. ஒரே மத்தியானத்தில் பிளேடு முனை ரம்பம் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் வந்தது சில்லு இல்லை, நார்தான். எங்கள் ஊரில் கேட்டால் கட்டை மூட்டத்துக்கு, தூர் மூட்டத்துக்கு, மிலாறு மட்டும் சிப்பருக்கு. அப்படிப் பார்த்தால் யாருக்கும் பன்னிரண்டு இஞ்சு மெஷின் தேவைப்படாது. ஆறு இஞ்சே அதிகம்.

இன்னொன்று, வெட்டின ஈரத்திலேயே அரைத்துவிடுங்கள். ஒரு கோடை காய்ந்த கருவை இரும்புதான்.

பெரியபட்டினம் தோப்பு:

கரிமூட்டக் காக்கா சொன்னது சரி. நான் தோப்பு வைத்திருக்கிறேன், வாப்பா காலத்துத் தென்னை. மட்டையை எரிக்காமல் அரைத்துப் பாத்தியில் போடலாம் என்று போன வருடம் ஒரு டிஸ்க் சிப்பர் வாங்கினேன். மட்டை நன்றாகவே போனது. காய்ந்த பன்னாடைதான் பழிவாங்கிவிட்டது. சல்லடைத் துணி மாதிரி இருக்கிற அது வெட்டுப்படவே இல்லை. தட்டுக்குப் பின்னால் தண்டில் சுற்றிச் சுற்றி, பேரிங் பக்கம் கயிறு திரித்தாற்போல ஆகிப் புகை வந்துவிட்டது. மூடியைக் கழற்றி அரிவாள் நுனியால் அறுத்து எடுக்க அரை நாள். அதிலிருந்து பன்னாடையையும் பாளையையும் தனியாக ஒதுக்கிவிடுகிறோம்.

இரண்டாவது தவறு என்னுடையது. வேலை முடிந்ததும் மெஷின் சுத்தமாக இருக்கட்டும் என்று போர் தண்ணீரில் கழுவினேன். நம் கரையில் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று உங்களுக்கே தெரியும். காலையில் பார்த்தால் பிளேடு முழுக்கச் செந்துரு, போல்ட் திருகாமல் இறுகிவிட்டது. இப்போது காற்றடித்துச் சுத்தம் செய்து, பிளேடுக்குப் பழைய எஞ்சின் ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவி, தார்ப்பாய் போட்டு மூடுகிறோம். கடலிலிருந்து ஒரு மைல் தள்ளி இருந்தாலும் கச்சான் காற்றில் உப்பு வந்து படியத்தான் செய்கிறது.

பலன் உண்டா என்றால் உண்டு. மரத்தைச் சுற்றி ஆறடி வட்டப் பாத்தியில் நாலு விரல் கனம் சில்லு போட்டேன், தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் விட்டு. சித்திரை வெயிலில் கையால் விலக்கிப் பார்த்தால் கீழே மணல் ஈரமாக, கறுப்பாக இருந்தது. முன்பு வாரம் இரண்டு முறை விட்ட தண்ணீரை ஒன்றாகக் குறைத்திருக்கிறேன். கருவைச் சில்லு கிடைத்தால் காய் இல்லாத கிளையாகப் பார்த்து வாங்குங்கள். நெற்று கலந்து வந்த ஒரு டிரெய்லர் சில்லில், மழை விழுந்ததும் பாத்தி முழுக்கக் கருவைக் கன்று முளைத்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம்.

ராமநாதபுரம் லேத்:

பிளேடு பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் என் பட்டறைக்கு வருவதில் பாதி, அதற்கு முன் எங்கோ கெடுத்துக் கொண்டுவந்ததாகத்தான் இருக்கிறது. கை கிரைண்டரில் தீப்பொறி பறக்கத் தேய்த்து, முனை நீலம் பாரித்துப் போயிருக்கும். நீலம் பாரித்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பார்க்கக் கூர்மையாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் மழுங்கிவிடும். தண்ணீர் விட்டு, மெதுவாக, கம்பெனி கொடுத்த அதே சாய்வில் தேய்க்க வேண்டும். ஒரு பிளேடில் எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவையே மற்றதிலும் எடுக்க வேண்டும். நான் எடைபோட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறேன். எடை வித்தியாசம் இருந்தால் அந்த வேகத்தில் மெஷின் உதறும், பேரிங் போகும்.

பிளேடை மாட்டிய பிறகு, அசையாமல் நிற்கிற எதிர்க்கத்திக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள், மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்ட அளவு இருக்கிறதா என்று. கண் மதிப்பில் வைப்பவர்கள்தான் "மட்டை நாராக வருகிறது" என்று என்னிடம் வருகிறார்கள். மெஷின் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் மூடியைத் திறந்து ஒரு பிளேடைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். இருபது நிமிடத்தில் முடிந்தால் நல்ல மெஷின். அரை நாள் ஆகிற மெஷினில் யாரும் பிளேடு மாற்ற மாட்டார்கள், மழுங்கினதை வைத்தே ஓட்டுவார்கள். மூடியைத் திறக்கும் முன் பிடிஓ தண்டைக் கழற்றிவிடுங்கள். தட்டு நின்றுவிட்டது என்று காதை நம்பாதீர்கள், கண்ணால் பாருங்கள், தட்டு சுற்றாமல் பிடிக்கிற பூட்டு முள்ளைப் போடுங்கள்.

தொண்டி சவுக்கு:

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பேராவூரணி பக்கம் விழுந்த தென்னையை எடுக்கும் வேலைக்குப் போயிருந்தேன். தென்னந்தண்டைச் சின்ன சிப்பரில் விட்டுப் பார்த்தோம். நாலு மரத்தில் பெல்ட் அறுந்தது. அப்புறம் தண்டை ரம்பத்தில் அறுத்து ஒதுக்கிவிட்டு, மட்டையை மட்டும் அரைத்தோம். பனை மட்டையை நாங்கள் போடுவதே இல்லை. மட்டை ஓரத்துக் கருக்கு பிளேடைத் தின்றுவிடும், அது வேலி அடைக்கப் போகட்டும். பனை மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு சொல்லிவிட்டதால், பட்ட பனை என்றாலும் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறோம்.

உச்சிப்புளி அண்ணனிடம் ஒரு கேள்வி. சவுக்குத் தோப்புகளில்தான் எனக்கு வேலை, கருவை வருடத்தில் இரண்டு மாதம். உருளை உள்ள மெஷினுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். டிஸ்க் வாங்கிவிட்டு அந்த இரண்டு மாதம் வாடகை மெஷின் எடுக்கலாமா?

உச்சிப்புளி மரவேலை:

தம்பி, கணக்குப்படி நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் டிஸ்க் கைவசம் இருக்கும்போது, "இரண்டு டிராக்டர் முள்தானே, இதற்கு எதற்கு வாடகை" என்று ஒரு நாள் தோன்றும். எனக்கும் இருமேனியில் அப்படித்தான் தோன்றியது. உருளையோடு உள்ளதையே வாங்குங்கள், வாய் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. வாங்கும் முன் ஒரு டிரெய்லர் கருவை மிலாறை நீங்களே கொண்டுபோய்க் கடைக்காரர் முன்னால் ஓட்டிப் பாருங்கள். அவர்கள் தயாராக வைத்திருக்கிற நேரான யூகலிப்டஸ் கட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

வரும் சனிக்கிழமை பனைக்குளம் பக்கம் கருவை வேலை இருக்கிறது, காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறோம். வந்து நேரில் பாருங்கள். இருமேனியில் சட்டை கிழிந்த அந்தத் தம்பிதான் மெஷின் ஓட்டுகிறான். செருப்பு வேண்டாம், அடி கனமான ஷூ போட்டு வாருங்கள்.