புயலில் ஓடு பறந்த வீடு: திரும்ப ஓடா, கலர் ஷீட்டா?

கடைமடையான்:

ஊர் பேராவூரணிப் பக்கம். அப்பா, அம்மா மட்டும் இருக்கிற பழைய மங்களூர் ஓட்டு வீடு, பின்னால் அடுப்படிக்கு மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். போன வாரப் புயலில் முகட்டு ஓடு வரிசையாகப் போய்விட்டது, அதை ஒட்டி மேற்குச் சரிவிலும் பாதி ஓடு இல்லை. தென்னை மட்டை விழுந்து அடுப்படி ஷீட் உடைந்திருக்கிறது. நான் திருப்பூரில் இருக்கிறேன், வெள்ளிக்கிழமைதான் லீவு கிடைக்கும். மேஸ்திரி போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ஓடெல்லாம் இனிமேல் கிடைக்காது, மொத்தமாகப் பிரித்துவிட்டு பைப் அடித்து கலர் ஷீட் போட்டால் எந்தக் காற்றுக்கும் அசையாதாம். அப்பா ஓட்டை விடமாட்டேன் என்கிறார். எது சரி? அடுத்த மழைக்குள் என்ன செய்வது? அரசாங்கத்தில் ஏதாவது கிடைக்குமா?

தச்சுப்பட்டறை:

தம்பி, முதலில் அப்பாவை ஏணியில் ஏற விடாதீர்கள். நனைந்த ஓட்டில் பாசி இருக்கும், வழுக்கினால் அவ்வளவுதான். கூரைக்கு அடியில் ஒயரிங் போகிறதென்றால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகு போடுங்கள். தார்ப்பாயை ஓடு போன இடத்துக்கு மட்டும் விரித்துச் செங்கல் வைப்பார்கள், அது வேலைக்கு ஆகாது, மழைநீர் மேலிருந்து அதன் அடியில் புகுந்துவிடும், அடுத்த காற்றில் செங்கல்லும் யார் தலையிலாவது விழும். முகட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவு வரை போட்டு, ஓரத்தை ரீப்பர் கட்டையில் (ஓட்டைத் தாங்கும் மெல்லிய சட்டம்) சுருட்டி, கீழே கைமரத்தோடு (ரீப்பரைத் தாங்கும் சரிவு மரம்) கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

ஓடா ஷீட்டா என்பதற்கு வருகிறேன். காற்று கூரையைத் தள்ளுவதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். அந்த இழுப்பு முகட்டிலும் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் கடுமை, உங்கள் வீட்டில் முகடு முதலில் போனதும் அதனால்தான். காற்று வரும் பக்கத்துக் கதவோ ஜன்னலோ திறந்துகொண்டால் உள்ளிருந்தும் தள்ளும். மங்களூர் ஓடு ஒன்று சுமார் இரண்டு, இரண்டரைக் கிலோ, பெரும்பாலும் வெறும் எடையில்தான் உட்கார்ந்திருக்கும். ஷீட் அதைவிட லேசு, அதனால் எதில் பிடித்திருக்கிறோம் என்பதுதான் எல்லாம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் ஓட்டு வீடுகளில் ஓடு போனது, ஷீட் வீடு சிலவற்றில் பைப்போடு சேர்த்துப் பிய்த்துக்கொண்டு அடுத்த தோப்பில் கிடந்தது. உங்கள் மேஸ்திரி அதைப் பார்க்கவில்லை போல.

ஓட்டின் அடியில் காது மாதிரி ஒரு துளை இருக்கும், கம்பி கோத்து ரீப்பரில் கட்டுவதற்காகவே விட்டது. யாரும் கட்டுவதில்லை. முகட்டை ஒட்டிய வரிசைகள், இறவாரத்து (கூரையின் கீழ் விளிம்பு) வரிசைகள், இரண்டு பக்க ஓரம், இவ்வளவாவது கட்டுங்கள். கடல் பக்கத்தில் இருப்பதால் சாதாரணக் கட்டுக்கம்பி துருப்பிடித்துப் போய்விடும், செம்புக் கம்பி வாங்குங்கள். அதைவிட முக்கியம், கைமரம் சுவர்மேல் உள்ள மரத்தில் வெறும் ஆணியில் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் ஒவ்வொன்றுக்கும் இரும்புப் பட்டை போட்டுச் சுவரோடு இறுக்க வேண்டும். கைமரம் பனங்கை (பனைமரத்தில் அறுத்தது) என்றால் சுவரில் உட்காரும் முனையில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், கரையான் அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஓட்டுவீட்டுப்பேத்தி:

ஓடு கிடைக்காது என்பது சும்மா. பழைய வீடு இடிக்கிற இடங்களில் மரச்சாமானோடு ஓடும் விற்கிறார்கள். ஆனால் உங்கள் ஓட்டில் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள் அண்ணா. ஒவ்வொரு தொழிற்சாலை ஓட்டுக்கும் பள்ளம் கொஞ்சம் மாறும், பொருந்தாவிட்டால் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். உடைந்த ஷீட்டைச் சுத்தியால் நொறுக்கவோ காய்ந்தபடியே பெருக்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் தெளித்து, மாஸ்க் போட்டுக்கொண்டு முழுசு முழுசாக இறக்குங்கள்.

தச்சுப்பட்டறை அண்ணன் சொன்னதைக் கேட்டு ஷீட்டே ஆகாது என்று நினைக்க வேண்டாம். அடுப்படிக்குக் கலர் ஷீட் தப்பில்லை. மெலிசாக வாங்கினால் ஸ்க்ரூ இருக்கிற இடத்திலேயே கிழியும், அரை மில்லிமீட்டர் கேளுங்கள், ரப்பர் வாஷரோடு ஸ்க்ரூ, ஓரங்களில் நெருக்கமாக.

முன்னாள்_கிராம_உதவியாளர்:

எதையும் அள்ளிப் போடுவதற்கு முன் போட்டோ எடுங்கள், உள்ளேயிருந்து வானம் தெரிகிற மாதிரியும் ஒன்று. விஏஓவிடம் மனு கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். 2022-26க்கான பேரிடர் நிவாரண விதிமுறைப்படி கூரைக் குடிசைக்கு 8,000 ரூபாய், பகுதி சேதமான கல் வீட்டுக்கு 6,500 என்று இருந்தது, அதுவும் சேதம் குறைந்தது 15 சதவீதம் இருந்தால். சமவெளியில் முழுதாகப் போன வீட்டுக்கு 1,20,000. இப்போது எவ்வளவு என்று மனு கொடுக்கும்போதே கேளுங்கள். உங்களுடையது பகுதி சேத ரகம்தான், கம்பிக்கும் கூலிக்குமாவது ஆகும். வீட்டின் பேரில் லோன் இருந்ததா? இருந்தால் வங்கியில் கேளுங்கள், லோனோடு காப்பீடும் போட்டிருப்பார்கள், பலருக்கு அது தெரியவே தெரியாது. 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிற பாரத் கிருஹ ரக்ஷா என்கிற வீட்டுக் காப்பீட்டில் புயல் சேதமும் அடக்கம். காப்பீடு இருந்தால் அவர்களுடைய சர்வேயர் வந்து பார்க்கும்வரை உடைந்த ஓட்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

கடைமடையான்:

எல்லோருக்கும் நன்றி. லோன் 2022இல் மாடு வாங்க எடுத்ததுதான், வீட்டின் பேரில் இல்லை, அதனால் மனு மட்டும். தார்ப்பாய் வேலையைப் பக்கத்து வீட்டுப் பையன்களிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன். பட்டை அடிக்க பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் நல்ல தச்சர் யாராவது தெரியுமா? மேஸ்திரியிடம் கேட்டால் மறுபடி ஷீட் என்றுதான் ஆரம்பிப்பார்.