வாய்வழி உறவுக்குப் பிறகு பரிசோதனை செய்தவர்கள் இருக்கிறீர்களா? என் அனுபவம் இது

எனக்கு 29 வயது, கோண்டாவில். ஆவணியில் கலியாணம். சில கிழமைகளுக்கு முன்பு வேலை விடயமாகக் கொழும்பு போன இடத்தில், ஏற்கெனவே பழக்கமான ஒரு பெண்ணுடன் நெருக்கமாக இருந்தேன். முழு உறவு இல்லை. இரண்டு பேரும் வாயால் மட்டும். ஆணுறை பாவிக்கவில்லை.

திரும்பி வரும் இரவு பஸ்ஸிலேயே பயம் பிடித்துவிட்டது. வவுனியா தாண்டும்வரை போனில் தேடிக்கொண்டே வந்தேன். ஒரு கூட்டாளியிடம் மட்டும் சொன்னேன். "வாயால தானே மச்சான், அதால ஒண்டும் வராது" என்றான். எனக்கும் காய்ச்சல் இல்லை, சலம் போகும்போது எரிவு இல்லை, தொண்டை நோகவும் இல்லை. ஆனாலும் மனம் கேட்காமல் ஐந்தாம் நாள் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தேன். எப்போது நடந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இல்லை என்று றிப்போட் வந்தது. நிம்மதியாகப் படுத்தேன். ஐந்து நாளில் அந்தப் பரிசோதனை எதையும் காட்டாது என்று பிறகுதான் தெரிந்தது.

போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்களுக்கென்றே கிளினிக் இருக்கிறது. இலவசம், வேறு டொக்டரின் கடிதமும் தேவையில்லை. தெரிந்தும் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலே "ஆருக்குத் தம்பி சுகமில்லை?" என்று இரண்டு பேராவது கேட்பார்கள். சொந்தக்கார அக்கா ஒருவர் அங்கேதான் நேர்ஸ். அந்தப் பயத்திலேயே நாள் போனது. ஒரு நாள் இரவு, கட்டப்போகிற பிள்ளை கூறைச் சேலைப் படங்கள் நான்கை அனுப்பி, எந்த நிறம் பிடித்திருக்கிறது என்று கேட்டாள். பதில் எழுதக் கை வரவில்லை. அடுத்த நாள் காலை போய்விட்டேன். அது 14ஆம் நாள்.

ஆர் ஆருக்கு, எந்தத் திகதி என்று டொக்டர் சளிக்கும் இருமலுக்கும் கேட்பதுபோலக் கேட்டார். முகம் மாறவில்லை. வாய்வழியாக எச்.ஐ.வி. தொற்றுவது மிக அரிது, வாயில் புண்ணோ முரசில் இரத்தக் கசிவோ இருந்தால் ஆபத்து கொஞ்சம் கூடும் என்றார். நான் பயந்ததெல்லாம் அதற்குத்தான். அவர் யோசித்ததோ கொனோரியா, சிபிலிஸ் என்ற மற்றப் பாலியல் நோய்களைப் பற்றி. கொனோரியா தொண்டையில் இருந்தால் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் தெரியாது. இரத்தத்திலோ சலத்திலோ பிடிபடாது, தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தால்தான் தெரியும். எச்.ஐ.வி.க்கு, உறவு நடந்த நாளிலிருந்து 45 நாள் கழித்து மறுபடி இரத்தம், சிபிலிஸுக்கு மூன்று மாதம் முடியும்போது இன்னொரு தடவை. எச்.ஐ.வி. ஆபத்து உண்மையாகவே பெரிதாக இருந்தால் தடுப்பு மருந்து உண்டு, ஆனால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், ஆகவே இனி யோசித்துக்கொண்டு இருக்காமல் உடனே வந்து கேளுங்கள் என்றார்.

தொண்டை மாதிரியில் கொனோரியா இருந்தது. நோகாத தொண்டையில்! ஊசி போட்டார்கள், பிறகு மாறிவிட்டதா என்று மறுபடி மாதிரி எடுத்தார்கள். மாறிவிட்டது.

எல்லாவற்றிலும் கஷ்டம் கொழும்புக்கு எடுத்த அந்த அழைப்புத்தான். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு "மறைக்காமல் சொன்னீங்களே" என்றார். அந்தக் கிழமையே அவரும் போய்க் காட்டினார். என் வருங்கால மனைவியிடமும் சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடைய விடயமும்கூட.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். பெயர் வேண்டாம்.

வடமராட்சி, 44 வயது

தம்பி, நீர் 14 நாளில் போனீர். நான் மூன்று மாதம் விட்டேன். கீழுதட்டின் உட்பக்கம் ஒரு புண் வந்தது, நோவே இல்லை. வெற்றிலை போடுகிற பழக்கம், சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். மருந்துக் கடையில் கேட்டு ஏதோ குளிசை வாங்கிப் போட்டேன். புண் தானாகவே ஆறியது, குளிசைதான் ஆற்றியது என்று நம்பினேன். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள், கடியும் இல்லை. தோல் டொக்டர் பார்த்தவுடனேயே வி.டி.ஆர்.எல். என்ற இரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். சிபிலிஸ்.

பென்சிலின் ஊசியில் மாறிவிட்டது. ஆனால் அந்த மூன்று மாதமும் நான் வீட்டில்தானே இருந்தேன். மனுசியையும் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் கொடுக்க வேண்டி வந்தது. கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்துகொண்டு அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் செய்ததற்கு அவர் கை நீட்டி ஊசி வாங்கினார். இன்றைக்கும் அதை நினைத்தால் சாப்பாடு இறங்காது. புண் நோகவில்லை என்று ஒருவரும் இருந்துவிடாதீர்கள்.

திருநெல்வேலி, பெண்

என் கதை வேறு. கணவர் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அவருடைய உதட்டில் சின்னக் கொப்புளம் இருந்தது. வாய்வழி உறவுக்கு ஒரு கிழமை கழித்து எனக்குக் கீழே கொப்புளங்கள், தாங்க முடியாத எரிவு. அங்கே ஆரிடமோ போயிருக்கிறார் என்றே நினைத்தேன். நான்கு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கிளினிக்கில் ஒரு பெண் டொக்டர் கொப்புளத்தைப் பார்த்தே ஹெர்பிஸ் என்றார். உதட்டில் வருகிற அதே கிருமி, சின்ன வயதிலேயே பலருக்கும் வந்து உடம்பில் தங்கிவிடும், வாயிலிருந்து கீழேயும் தொற்றும் என்று விளங்கப்படுத்தினார். குளிசையால் சீக்கிரம் ஆறும், கிருமி முழுதாகப் போகாது. உதட்டில் கொப்புளம் இருக்கும்போது முத்தமும் வேண்டாம், வாய்வழி உறவும் வேண்டாம் என்றார். கணவருக்கு அந்த உதட்டுப் புண் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே வந்து போகிறதென்று மாமிதான் சொன்னார். அவர் திரும்பிப் போவதற்கு இரண்டு நாள்தான் இருந்தது, அந்த இரண்டு நாளும்தான் கதைத்தோம்.

முதலில் எழுதியவர்

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. சுண்ணாம்புப் புண் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள், இனிக் கவனிப்பேன். நாளைக்கு எனக்கு 45ஆம் நாள். காலை எட்டு மணிக்குப் போகிறேன். அவளும் வருகிறேன் என்றிருக்கிறாள்.