புறப்படும் முன் ஒட்டப்பட்ட சிறு சீட்டு: உங்கள் அனுபவம் என்ன?

முன்வரிசைப் பயணி:
கதவு மூடும் நேரம். விமானி அறை இன்னும் திறந்தே இருந்தது. பொறியாளர் ஒருவர் ஏறி வந்து, ஒரு சுவிட்சின் பக்கத்தில் 'இயங்காது' என்ற சிறு சீட்டை ஒட்டினார். அதன் ஓரம் எழும்பிக்கொண்டே இருந்தது. கட்டைவிரலால் மூன்று முறை அழுத்தினார். பதிவேட்டில் எழுதினார், கேப்டன் படித்துக் கையெழுத்திட்டார், கிளம்பிவிட்டோம். வழி முழுவதும் அந்த ஓரமே கண்ணில் நின்றது. பழுதோடு பறக்கவிடலாமா?

பராமரிப்புப் பொறியாளர்:
விடலாம், எம்.இ.எல். அனுமதித்தால். எது பழுதானால் எந்த நிபந்தனையோடு பறக்கலாம் என்ற பட்டியல் அது. சரிசெய்யக் கெடுவும் உண்டு: பட்டியலில் பி பிரிவுப் பழுதுக்கு 3 நாள், சி பிரிவுக்கு 10, டி பிரிவுக்கு 120, கண்டுபிடித்த நாள் கணக்கில் சேராது. நானும் சீட்டு ஒட்டியவன்தான். ஒருமுறை ஏ.பி.யு., அதாவது இன்ஜினைக் கிளப்பக் காற்று தரும் சிறு துணை இன்ஜின், வேலை செய்யவில்லை. பட்டியல்படி எழுதிக் கொடுத்தேன். கேப்டன் பதிவேட்டை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். "நீங்கள் எழுதியதில் பிழையில்லை. நான் இறங்கும் இடத்தில் இன்ஜினைக் கிளப்பக் காற்று தரும் வண்டி இல்லையே" என்றார். அன்று அவர்மேல் கடுங்கோபம். அங்கே என்ன இருக்கிறது என்று நான் விசாரிக்கவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முன்னாள் விமானப் பணிப்பெண்:
எடுத்த எடுப்பில் "விடலாம்" என்றது எனக்கு ஒப்பவில்லை. 2008 ஆகஸ்ட் 20, மாட்ரிட். வெளிக்காற்றின் வெப்பம் அளக்கும் கருவியின் ஹீட்டர், சூடேறக் கூடாத தரையிலேயே சூடேறியது. பட்டியல் இடம் கொடுத்ததால் அதன் மின்சாரத்தைத் துண்டித்து அனுப்பினார்கள். ஏன் சூடேறியது என்று துருவவில்லை. மேலெழ உதவும் இறக்கைப் பகுதியான ஃபிளாப்பை விரிக்காமல் ஓடுபாதையில் ஓடியபோது எச்சரிக்கை ஒலி எழவில்லை. இரண்டுக்கும் ஒரே கோளாறு காரணமாக இருந்திருக்கலாம். விமானம் விழுந்து 154 பேர் இறந்தார்கள்.

என் கதை சிறியது. கதவின் அவசரச் சறுக்கில் அழுத்தமானி முள் பச்சைக்குக் கீழே நின்றது. சொன்னேன். இரண்டு மணி நேரத் தாமதம். ஒருவர் என் முகத்துக்கு நேரே கத்தினார். தயவுசெய்து கத்தாதீர்கள். உட்கார்ந்ததும் அவசர வழிவரை எத்தனை வரிசை என்று எண்ணுங்கள், பின்பக்கமும் சேர்த்து. இருக்கைக்கு அடியில் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் கதவு மூடும் முன்பே சொல்லுங்கள். அதை விமானத்துக்குள் ஊதவே ஊதாதீர்கள். வெளியேறச் சொன்னால் பையை விட்டுவிடுங்கள்.

முன்வரிசைப் பயணி:
பொறியாளரே, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. கிளம்பும்வரை வெளியே ஒரு வண்டி இரைந்துகொண்டிருந்தது. பருத்த குழாய் ஒன்று அதிலிருந்து விமானத்தின் அடிவயிற்றுக்குப் போனது. ஏ.பி.யு. சீட்டுத்தானா அது?