ஹட்டன் பஸ் நிலையம் 'ஷாம்பொலிக்'கா, 'கேயொட்டிக்'கா?

நோர்வூட் அம்மா:
மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். தீபாவளிக்கு முதல் நாள் ஹட்டன் பஸ் நிலையம் எப்படி இருந்தது என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி, அலங்கோலம் என்ற அர்த்தத்தில் 'ஷாம்பொலிக்' (shambolic) என்று ஒரு சொல் போட்டிருந்தாள். டீச்சர் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே 'கேயொட்டிக்' (chaotic, ஒரே குழப்பம்) என்று எழுதி, பக்கத்தில் "இப்படி ஒரு சொல் இல்லை" என்றும் குறித்திருக்கிறார். கிரிக்கெட் வர்ணனையில் கேட்ட சொல்லாம். அப்படி ஒன்று இருக்கிறதா? இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தானா?

லிந்துலை டியூஷன் சேர்:
சொல் இருக்கிறது. ஆனால் டீச்சர் வெட்டியதில் பிழை இல்லை. அது பேச்சுவழக்குச் சொல், அதுவும் பெரும்பாலும் பிரித்தானியர் வழக்கு என்றுதான் அகராதிகள் சொல்கின்றன. ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) விடைத்தாளில் எதற்கு விஷப்பரீட்சை? 'கேயொட்டிக்' என்று எழுதினால் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

பண்டாரவளை பழைய புத்தகம்:
சேர், "பரீட்சையில் எழுதாதே" என்பது வேறு, "இப்படி ஒரு சொல் இல்லை" என்பது வேறு. பிள்ளைக்குச் சொன்னது இரண்டாவது. அது பிழை.

இந்தச் சொல்லின் கதையைக் கேளுங்கள். 'ஷாம்பொலிக்' பிறந்தது 'ஷாம்பிள்ஸ்' (shambles) என்பதிலிருந்து. அதன் தாய், பழைய ஆங்கிலத்தில் மணை, சிறு பலகை. பிறகு இறைச்சியை வைத்து விற்கும் பலகை ஆனது. பிறகு இறைச்சிக் கடை, பிறகு ஆடுமாடு அறுக்கும் இடம், அப்புறம் இரத்தக்களரியான எந்த இடமும். கடைசியில் இரத்தமெல்லாம் கழுவிப் போய் வெறும் அலங்கோலம் மட்டும் மிஞ்சியது. இங்கிலாந்தின் யோர்க் நகரில் இதே பெயரில் ஒரு குறுகிய தெரு இன்றும் இருக்கிறது. 1872இல் அந்த ஒரு தெருவில் மட்டும் 25 இறைச்சிக் கடைகள். 'ஷாம்பொலிக்' என்ற வடிவம் மிகவும் பிந்தியது, போன நூற்றாண்டில் வந்தது. 'சிம்பொலிக்' (symbolic) மாதிரி வால் ஒட்டிச் செய்திருக்க வேண்டும். 2012இல் இதே குடும்பத்து 'ஒம்னிஷாம்பிள்ஸ்' (omnishambles) என்ற சொல்லை ஒக்ஸ்போர்ட் அகராதிக்காரர்கள் பிரித்தானியாவின் ஆண்டுச் சொல்லாகத் தேர்ந்தார்கள். எல்லாப் பக்கமும் குளறுபடி என்று அர்த்தம்.

வேடிக்கை என்னவென்றால் நம் 'களேபரம்' வந்த வழியும் இதுதான். பழைய தமிழ் அகராதியைப் புரட்டினால் அதற்கு உடம்பு, பிணம் என்று பொருள் இருக்கும்.

லிந்துலை டியூஷன் சேர்:
நல்ல கதை. ஆனால் 'கல்யாண வீடு ஒரே களேபரம்' என்று எழுதும்போது உங்களுக்குப் பிணமா நினைவு வருகிறது? வேர் ஒரு பக்கம், புழக்கம் ஒரு பக்கம். லைன் என்றால் நேர்கோடு. நம் ஊரில் அது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயமாகி, பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பிரா, அதாவது அறை, ஆகிவிட்டது. நேர்கோட்டை வைத்து லயத்தை விளக்க முடியுமா?

மஸ்கெலியா கடைசி பஸ்:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். ஒரு சொல்லில் பழி இருக்கிறது, மற்றதில் இல்லை.

தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்தை எடுங்கள். திடீரென்று மழை கொட்டுகிறது, எல்லாரும் கூடையோடு ஒரே நேரத்தில் உள்ளே ஓடி வருகிறார்கள். தள்ளுமுள்ளு, சத்தம். அது கேயொட்டிக். யார் மேலும் குற்றமில்லை, மழை பெய்தது, அவ்வளவுதான். இன்னொரு நாள் வெயில், ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், ஆனால் தராசு வரவில்லை, கணக்கப்பிள்ளை ஆட்களின் வேலைப் பதிவான செக்ரோல் புத்தகத்தை மறந்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் அதுதான் ஷாம்பொலிக். ஒழுங்காகச் செய்ய வேண்டியவர் சொதப்பியிருக்கிறார்.

லிந்துலை டியூஷன் சேர்:
மடுவம் உதாரணம் பிடித்திருக்கிறது தம்பி. ஆனால் அவ்வளவு கறாராக வேலி போடாதீர்கள். கலைந்த தலையும் கசங்கிய சட்டையுமாய் வரும் ஆளையும் ஷாம்பொலிக் என்பார்கள். அங்கே யார் எதை நிர்வாகம் செய்தார்?

மஸ்கெலியா கடைசி பஸ்:
தன் தலையை அவர்தான் சேர் நிர்வாகம் செய்ய வேண்டும் 😄

பண்டாரவளை பழைய புத்தகம்:
பழி இருக்கிறது என்பதுதான் பொதுவான போக்கு, விதி அல்ல. இதில் சேர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். 'கேயொஸ்' கிரேக்கச் சொல், வாய் பிளந்த வெறும் வெளி என்பது அதன் பழைய பொருள். அங்கே குற்றம் சாட்ட ஆளே இல்லை. அப்படிப் பார்த்தால் இந்த இடத்தில் வேருக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

லிந்துலை டியூஷன் சேர்:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் பிள்ளையின் கட்டுரைக்கு எது பொருந்தும்? தீபாவளிச் சனம், கொழும்பிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தவர்கள். உங்கள் கணக்குப்படியே கேயொட்டிக்தான். டீச்சர் சரி.

நோர்வூட் அம்மா:
மகளிடம் கேட்டேன் சேர். சனத்தைச் சொல்லவில்லையாம். மஸ்கெலியா பஸ்ஸுக்கும் பொகவந்தலாவை பஸ்ஸுக்கும் போர்டு இல்லை, கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொன்றைக் கை காட்டினார்கள், இரண்டு தடவை ஏறி இறங்கினோம். அதைத்தான் சொன்னாளாம்.

லிந்துலை டியூஷன் சேர்:
அப்படியென்றால் அதைக் கட்டுரையில் எழுதியிருக்க வேண்டும். காரணம் அடுத்த வரியில் இருந்திருந்தால் நானே அந்தச் சொல்லுக்கு மார்க் போட்டிருப்பேன்.

நோர்வூட் அம்மா:
எழுதியிருக்கிறாள் சேர். அந்த வரிக்கு டீச்சர் பெரிதாக ஒரு சரி போட்டிருக்கிறார்.