பழைய புல்லட்டில் கிளட்ச் இறுக்கம்: லிவரை மாற்றலாமா?

வண்டி 1984 மாடல் புல்லட் 350, வலது கால் கியர். ஊர் குளச்சல் பக்கம். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஐப்பசி மழைக்கு அப்புறம் கிளட்ச் இறுகிவிட்டது. மார்த்தாண்டம் நெரிசலில் மாட்டினால் இடது கை மரத்துப்போகிறது.

புது கேபிள் போட்டு, எண்ணெய் விட்டு, டேங்குக்கு அடியில் மடங்காமல் கொண்டுபோயும் பார்த்தாச்சு. புஷ்ராடு (கிளட்ச் பிளேட்டுகளைத் தள்ளிப் பிரிக்கும் கம்பி) நுனி காளான் மாதிரி விரிந்திருந்தது. தேய்த்துப் போட்டதும் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்குகிறது.

இப்போதுள்ள கை லிவரில் பிவட்டுக்கும் (லிவர் சுழலும் ஆணி) நிப்பிளுக்கும் (கேபிள் நுனிக் குமிழ்) இடைவெளி 27 மி.மீ. அது 22 உள்ள லிவர் போட்டால் பிடி இலகுவாகும், சரி. ஆனால் கேபிள் இழுபடும் தூரமும் குறையுமே! அப்படி மாற்றி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்: பிளேட் முழுசாகப் பிரிந்து, நின்ற இடத்தில் நியூட்ரல் விழுகிறதா?