சுகாதாரச் சீர்திருத்தக் கலந்துரையாடல்: எம்.பி.மாரிடம் எதைக் கேட்டால் உருப்படியான பதில் வரும்?

படுவான்கரைப் பிள்ளை எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து கிராம அபிவிருத்திச் சங்கங்கள் சில சேர்ந்து ஒரு கலந்துரையாடல் வைக்கிறோம். பாராளுமன்ற உறுப்பினர்கள் மூன்று பேர், பிரதேச சபைத் தவிசாளர், சமுதாய மருத்துவ நிபுணர் ஒருவர், சுகாதார நிர்வாகத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறாங்க. நேரம் இரண்டு மணித்தியாலம். தலைப்பு சுகாதாரக் கொள்கைச் சீர்திருத்தம்.

சங்கங்களில் அநேகம் பேர் கேட்கச் சொல்வது ஒரே விசயம்தான். எங்கட பிரதேச வைத்தியசாலையை ஆதார வைத்தியசாலையாக (நிபுணர்களும் சத்திரசிகிச்சைக் கூடமும் உள்ள மேல்தரம்) தரமுயர்த்தணும், மாகாணத்திடம் இருந்து எடுத்து மத்திய அமைச்சுக்குக் கீழ் கொண்டுபோகணும். இது சரியான கோரிக்கையா? மருந்துத் தட்டுப்பாடு, டொக்டர் இல்லாத நாட்கள், இரத்தப் பரிசோதனைக்கு ஆற்றைக் கடந்து டவுனுக்கு அலையிறது, இதுகளை எப்படிக் கேள்வியாக்குவது? விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கோப்பும் சுற்றறிக்கையும் எழுதியது:

தம்பி, கேள்வி எழுதுவதற்கு முதல், எது யார் கையில் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வந்தவர்களின் முன்னால் வையுங்கள். இல்லாவிட்டால் எம்.பி. மாகாணத்தைக் காட்டுவார், மாகாணம் கொழும்பைக் காட்டும்.

அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு வந்த ஒன்பதாம் அட்டவணையில் மாகாணப் பட்டியலைப் பாருங்கள். போதனா வைத்தியசாலைகளையும் விசேட நோக்கத்துக்கான வைத்தியசாலைகளையும் தவிர மற்றப் பொது வைத்தியசாலைகள், கிராமிய வைத்தியசாலைகள், மருந்தகங்கள், தாய்சேய் நலம், உணவுச் சுகாதாரம் எல்லாம் மாகாணத்துக்குரியவை. அதே பட்டியல் மருந்துக் கொள்வனவை மட்டும் மாகாணத்துக்குக் கொடுக்கவில்லை. வைத்தியர் நியமனமும் வருடாந்த இடமாற்றமும் மத்திய அமைச்சில்தான் தீர்மானமாகின்றன. ஆகவே உங்கள் வைத்தியசாலையின் கூரை ஒழுகினால் மாகாணத்தைக் கேட்கலாம். நீரிழிவு மருந்தான மெற்போமின் இல்லையென்றாலோ டொக்டர் மாற்றலாகிப் போய் பதிலுக்கு ஆள் வரவில்லையென்றாலோ கொழும்பைத்தான் கேட்க வேண்டும். இந்தப் பிளவுதான் சீர்திருத்தத்தின் நடுப்பிரச்சினை. கிழக்கு மாகாண சபையோ 2017 செப்டெம்பரில் காலம் முடிந்ததிலிருந்து தேர்தல் இல்லாமல் கிடக்கிறது. சுகாதாரத்துக்குப் பொறுப்பாகச் சனம் தெரிவு செய்த மாகாண அமைச்சர் ஒருவர் இல்லை, அதிகாரம் ஆளுநர் ஊடாகப் போகிறது. மாகாண சபைத் தேர்தல் எப்போது என்பதும் ஒரு சுகாதாரக் கேள்விதான். தயங்காமல் கேளுங்கள்.

தரமுயர்த்தலுக்கு வருகிறேன். இந்தக் கோரிக்கை ஏன் வருகிறது என்பது விளங்குகிறது. மத்திய அமைச்சின் மூலதன ஒதுக்கீடு பெரியது; மாகாணத்துக்கு நிதி ஆணைக்குழுவின் சிபாரிசில் வரும் கொடைதான். ஆனால் பெயர்ப்பலகை மாறின அன்று வேறொன்றும் மாறாது. முதலில் ஆளணிக்கு, அதாவது எந்தப் பதவிக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கைக்கு, முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அங்கீகாரம் வேண்டும். பிறகு சம்பளத்துக்கு ஒதுக்கீடு. பிறகு ஆட்கள் உண்மையில் வந்து கடமையேற்க வேண்டும், அவர்களுக்கு விடுதி வேண்டும். ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் வந்தால் மட்டும் சத்திரசிகிச்சை நடக்காது. மயக்க மருந்து நிபுணர், சத்திரசிகிச்சைக் கூடத் தாதியர், இரத்த வங்கி, கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவு, இரவிலும் இயங்கும் ஆய்வுகூடம், இவ்வளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் நோயாளியை அம்புலன்சில் ஏற்றி மட்டக்களப்புக்கு அனுப்புவதுதான் நடக்கும். இரவு இரண்டு மணிக்கு சிசேரியன் தேவைப்படும் தாய்க்கு, மயக்க மருந்து நிபுணர் இல்லாத ஆதார வைத்தியசாலை வெறும் தாமதம்.

இன்னொரு பக்கமும் உண்டு. மத்திக்குப் போன வைத்தியசாலை, மாகாணத்தின் கீழ் இயங்கும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் கையை விட்டுப் போகும். சுற்றியுள்ள ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளுக்கும் அதற்கும் இடையில் ஆளையும் உபகரணத்தையும் மாற்றிக் கொடுப்பது கடினமாகும்.

2018இல் அனைவருக்குமான சுகாதாரப் பராமரிப்புக்கென்று அரசு ஏற்றுக்கொண்ட கொள்கை வேறு வழி சொல்கிறது. நிபுணர்கள் உள்ள ஒரு வைத்தியசாலை நடுவில். சுற்றியுள்ள பிரதேச வைத்தியசாலைகளும் ஆரம்பப் பிரிவுகளும் அதன் கொத்து. ஆய்வுகூடம், நிபுணர் கிளினிக், மருந்து எல்லாம் கொத்துக்குள் பகிரப்பட வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் பக்கத்து நிலையத்தில் பதியப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு சுகாதார இலக்கம் இருக்க வேண்டும். உலக வங்கியின் 20 கோடி டொலர் திட்டமும் ஆரம்பப் பராமரிப்பைப் பலப்படுத்தத்தான் வந்தது. ஆகவே கேட்க வேண்டியது இப்படி: “எங்கள் கொத்தின் நடு வைத்தியசாலை எது? பொது மருத்துவ நிபுணர், குழந்தை நல நிபுணர் எங்கள் வைத்தியசாலைக்கு மாதத்தில் எந்தக் கிழமை எந்த நாளில் வருவார்? எங்கள் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இன்று கடமையில் எத்தனை பேர்?” இதற்குப் பெயராகவோ நாளாகவோ இலக்கமாகவோதான் பதில் சொல்ல முடியும்.

சம்மாந்துறை மருந்தாளர் எழுதியது:

மேலே சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மருந்து விசயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கூட்டங்களில் “நாட்டில் டொலர் இல்லை” என்ற ஒரே வசனத்தோடு இதை முடித்துவிடுவார்கள். 2022இல் அது உண்மை. மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. ஆனால் ஒரு கிளினிக்கில் மருந்து முடிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: மதிப்பீடு.

ஒவ்வொரு வைத்தியசாலையும் அடுத்த ஆண்டுக்குத் தேவையான மருந்தை முன்கூட்டியே மதிப்பிட்டு அனுப்ப வேண்டும். அது பிராந்திய மருந்துக் களஞ்சியம் வழியாகக் கொழும்பில் மருத்துவ வழங்கல் பிரிவுக்குப் போய், அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் கேள்விமனு கோரி வாங்குகிறது. அநேக இடங்களில் மதிப்பீடு போடுவது போன வருடம் எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கை வைத்து. போன வருடம் மூன்று மாதம் மருந்தே இல்லாமல் இருந்தால், கொடுத்த கணக்கு கால்வாசி குறையும். அந்தக் குறைந்த கணக்கு அடுத்த வருட மதிப்பீடாகும். தட்டுப்பாடே அடுத்த தட்டுப்பாட்டை உண்டாக்குகிறது.

சரியான கணக்கு நோயாளியில் இருந்து தொடங்கும். உதாரணத்துக்கு, ஒரு நீரிழிவு கிளினிக்கில் 600 பேர், ஆளுக்கு நாளுக்கு மெற்போமின் 500 மில்லிகிராம் இரண்டு வில்லை என்றால், 30 நாளுக்கு 36,000 வில்லை. அப்படிப் பன்னிரண்டு மாதத்துக்கு 432,000. மூன்று மாதத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு பழைய முறையில் போட்டால் 324,000 என்று வரும். குறைவது 108,000 வில்லை, அந்தக் கிளினிக்குக்கு முழுதாக மூன்று மாதம்.

நிபுணரிடம் கேளுங்கள்: “மதிப்பீடு பதிவுசெய்த நோயாளர் தொகையை வைத்தா, போன வருட விநியோகத்தை வைத்தா?” எம்.பி.யிடம் கேளுங்கள்: “களஞ்சியத்தில் இல்லாத மருந்தை வைத்தியசாலையே உள்ளூரில் வாங்க இந்த வருடம் எவ்வளவு பணம் ஒதுக்கினீர்கள், அது எத்தனை மாதத்தில் முடிந்தது?” துண்டை எழுதி வெளியில் வாங்கச் சொன்ன மருந்துகளின் பட்டியலை மருந்தகத்தில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இல்லாமல் தட்டுப்பாட்டை ஒருத்தரும் நிரூபிக்க ஏலாது.

ஆய்வுகூடம் எழுதியது:

இரத்தப் பரிசோதனைக்கு ஆட்கள் பயணம் செய்யத் தேவையில்லை, இரத்தம் பயணம் செய்யலாம். காலை ஏழு மணி முதல் ஒன்பது வரை உங்கள் வைத்தியசாலையில் எடுத்து, மண்முனைப் பாலத்தால் நடு வைத்தியசாலைக்கு அனுப்பலாம். சீனி பார்ப்பதற்குச் சாம்பல் மூடிக் குழாய்தான் வேண்டும், அதில் சீனி குறையாமல் காக்கும் ஃபுளோரைட் இருக்கிறது. சாதாரணக் குழாயில் விட்டால் இரத்தக் கலங்களே சீனியைத் தின்று, மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் வரை அளவு குறையும். நீரிழிவு உள்ளவருக்குச் சுகம் என்று அறிக்கை வரும். சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியேற்றினின், கொலஸ்ரோல் போன்றவற்றுக்கு எடுத்த இரத்தத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் சுழற்றி நீர்ப்பகுதியைப் பிரிக்க வேண்டும், ஆகவே ஒரு சிறிய சுழற்சி இயந்திரம் அங்கேயே இருக்க வேண்டும். குளிர்பெட்டிக்குள் 2 முதல் 8 பாகை. அநேகமாகப் பிழைப்பது வாகனத்தில்: அம்புலன்சை நம்பினால், அவசர நோயாளி வந்த நாளில் மாதிரி நின்றுவிடும். ஒரு மோட்டார் சைக்கிளும் அதற்கென்று ஒரு ஊழியரும் கேளுங்கள். தரமுயர்த்தலோடு ஒப்பிட்டால் இதற்குச் செலவு மிகச் சொற்பம்.

பொத்துவில் வாசி எழுதியது:

தரமுயர்த்தலை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பொத்துவிலில் இருந்து கல்முனைக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல். வாகரையில் இருந்து மட்டக்களப்பு நகரமும் அப்படித்தான். இவ்வளவு தூரத்தில் பிரசவச் சிக்கலுக்கும் மாரடைப்புக்கும் அங்கேயே கவனிக்க ஆள் வேண்டும், கொத்து முறை அந்த ஒரு மணித்தியாலப் பயணத்தை ஈடு செய்யாது. பாலம் வந்தபிறகு கொக்கட்டிச்சோலையின் நிலை வேறு. அளவுகோல் தூரமும் பயண நேரமும் சனத்தொகையும் ஆக இருக்கட்டும், எந்த எம்.பி.யின் ஊர் என்பதாக இருக்கக் கூடாது. அந்த அளவுகோலை எழுத்தில் வெளியிடச் சொல்லிக் கேட்கலாம்.

படுவான்கரைப் பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சங்கக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டப் போகிறேன். இன்னுமொன்று: அன்றைக்குச் சொல்கிற வாக்கு அதோடு காற்றில் போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

கோப்பும் சுற்றறிக்கையும் எழுதியது:

நான்கு கேள்விக்கு மேல் வேண்டாம். இரண்டு கிழமைக்கு முதலே எழுத்தில் அனுப்புங்கள், “தரவு கையில் இல்லை” என்ற பதிலுக்கு இடம் வைக்காதீர்கள். பதிலுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். மேடைக்குப் பக்கத்தில் பெரிய தாள் ஒன்று ஒட்டி, என்ன செய்வார், எந்தத் திகதிக்குள், எந்த ஒதுக்கீட்டில் இருந்து என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். முடிவில் கையொப்பம் கேளுங்கள். வரவு செலவுத் திட்டம் வழமையாக நவம்பரில் வருவதால், கூட்டத்தை அதற்குச் சில மாதம் முன்னதாக வைத்தால்தான் சொன்னது செலவு மதிப்பீட்டுக்குள் ஏற வழியிருக்கும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலும் மாவட்டக் குழுவிலும் அந்தத் தாளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள், அங்கே கூட்டக் குறிப்பில் பதிவாகும்.

பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம். ஆளணி, வெற்றிடம், உள்ளூர் மருந்துக் கொள்வனவுச் செலவு ஆகியவற்றை பிராந்திய சுகாதாரப் பணிமனையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். ஏற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் வரவேண்டாம். 14 வேலை நாளுக்குள் தீர்மானம் தர வேண்டும். தராவிட்டால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவருக்கு மூன்று கிழமை. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு. ஒரு விண்ணப்பத்தில் ஒரு விசயத்தை மட்டும் கேளுங்கள். ஐந்தைச் சேர்த்துக் கேட்டால் கடினமான ஒன்றைக் காட்டி ஐந்தையும் பிந்தவிடுவார்கள்.