மஸ்டாங்குக்கு டூசான் அலாய்: லேத் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 2017 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி கார், செகண்ட் ஹேண்டில் எடுத்தது. ஆலங்குளம் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியதில் முன்பக்க அலாய் வீலின் விளிம்பு மடங்கிவிட்டது. கம்பெனி வீலின் விலையைக் கேட்டதும் பேசாமல் திரும்பிவிட்டேன்.

நண்பர் ஒருவர் தன் ஹூண்டாய் டூசானில் போட்டிருந்த வெளிமார்க்கெட் அலாய் செட்டைக் கொடுத்தார். 19 இஞ்ச், 8.5 அகலம். இரண்டு வண்டிக்கும் 5 போல்ட், 114.3 பிசிடி (போல்ட் துளைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம், மில்லியில்). அடுத்தடுத்த துளைகளை வெர்னியர் வைத்து நானே அளந்தேன், மையத்துக்கு மையம் 67.2 மில்லி. 114.3 வட்டத்தில் ஐந்து துளைக்கு அது சரி.

சிக்கல் நடுத்துளையில்தான். டூசான் ஹப் (வீலின் நடுத்துளை வந்து உட்காரும் அச்சு முனை) 67.1, மஸ்டாங் ஹப் 70.5. வீலின் துளையோ 73.1. உள்ளே இருந்த பிளாஸ்டிக் ரிங்கைக் கழற்றினால் ஹப்பில் ஏறுகிறது, ஆனால் சுற்றிலும் 1.3 மில்லி சந்து. "நட்ட இறுக்கினா அதுவே சென்டர் ஆயிரும்லா" என்கிறார் டயர் கடைக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை. நாங்குநேரிப் பக்கம் நான்குவழிச் சாலையில் 100ஐத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்குமே!

நட்டிலும் வம்பு. டூசானின் ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) 12 மில்லி, மஸ்டாங்குடையது 14. ஸ்டட் துளையில் உரசிக்கொண்டு போகிறது, கம்பெனி நட்டின் தலை குழிக்குள் இறங்கவே மாட்டேன் என்கிறது.

73.1க்கு 70.5 அலுமினிய ரிங் அளவு பிசகாமல் கடைந்து தரும் லேத் பட்டறை நெல்லை, தூத்துக்குடியில் எங்கே இருக்கிறது? 14x1.5 (14 மில்லி, மரை இடைவெளி 1.5 மில்லி) மெலிந்த தலை நட்டு எங்கே கிடைக்கும்? அப்புறம், முன் பிரேக் காலிப்பருக்கும் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) வீலின் ஆரக்காலுக்கும் நடுவே என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. எத்தனை மில்லி இருந்தால் போதும்? ஸ்பேசர் (வீலை வெளியே தள்ளும் தட்டு) போட எனக்கு விருப்பமில்லை.

செட் இப்போது மாடியில் கிடக்கிறது. அம்மா அதன்மேல் கூழ்வற்றல் தட்டைக் காயவைக்க ஆரம்பித்துவிட்டாள்.